குட்டியைப் பார்க்க வீட்டுக்கு வரலாமா?

பூனைக்குட்டி வேண்டும் என்று தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் விலையைக் கேட்ட கையோடு கேட்பது, "வீட்டுக்கு வந்து பார்க்கலாமா?" என்பதைத்தான். வரலாம் என்பதே என் பதில். ஆனால் எந்த வாரத்தில் வரலாம், வந்தால் எதுவரை உள்ளே வரலாம் என்பதை நான்தான் சொல்வேன். இதைக் கேட்டதும் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எதையோ மறைக்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் பூனை வாங்கியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சென்னை கொரட்டூரில் எங்கள் சொந்த வீட்டில் பெர்ஷியன் பூனைகளை வளர்க்கிறேன். சில தாய்ப்பூனைகள், ஒரு கடுவன், அவ்வளவுதான். இந்த வேலையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு கட்சி வாசற்கதவையே திறக்காது. நோய் வரும், திருடன் வரும், கண் படும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, ரயில் நிலைய வாசலில் கூடையோடு நின்று குட்டியைக் கைமாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் கல்யாண வீட்டுக் கூட்டம். வருகிறவர் போகிறவர் எல்லோரும் குட்டியைத் தூக்கி முத்தம் கொடுப்பார்கள். இரண்டு பேரோடும் எனக்கு ஒப்புதல் இல்லை.

நான் முதலில் வாங்க அலைந்தவள், பிறகுதான் விற்கத் தொடங்கியவள். முதல் தாய்ப்பூனைக்காகத் தேடிய நாட்களில் ஒருவர் அனுப்பிய புகைப்படங்கள் கண்ணைப் பறித்தன. பட்டுத் துணி விரித்த மெத்தை, அதன்மேல் பஞ்சுப் பொதிபோல் குட்டிகள். வீட்டுக்கு வருகிறேன் என்றதும், "உங்களுக்கு எதற்குச் சிரமம், நானே கொண்டு வருகிறேன்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாக முகவரி கொடுத்தார். மாடிப்படியில் ஏறும்போதே மூத்திர நெடி கண்ணை எரித்தது. மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கம்பிக் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. தாய்ப்பூனையின் விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வயிற்றில் பால்காம்புகள் தொங்க, கண்ணோரத்தில் பழுப்பு நிறச் சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. படத்தில் பார்த்த மெத்தை அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. நான் எதுவும் வாங்காமல் இறங்கி வந்தேன். அந்த ஆள் இன்றும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார் என்று கேள்விப்படும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அதனால்தான் சொல்கிறேன்: தாயைப் பார்க்காமல், பிறந்த இடத்தைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து இதைச் சட்டமாகவே வைத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ கடைக்காரரும் இடைத்தரகரும் விற்கக் கூடாது. வாங்குகிறவர் வளர்த்தவரிடமே நேராகப் போக வேண்டும், இல்லையென்றால் காப்பகத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும். நம் நாட்டில் 2017-இல் வந்த மத்திய அரசின் வளர்ப்பு, விற்பனை விதிகள் நாய்களோடு நின்றுவிட்டன. பூனைக்கு அப்படித் தனி விதி இல்லாத இடத்தில், வாங்குகிறவரின் கண்ணும் மூக்கும்தான் காவல்.

மூக்கை முதலில் நம்புங்கள். பூனை இருக்கும் வீட்டில் கொஞ்சம் வாசனை இருக்கும், அது குற்றமில்லை. ஆனால் கண்ணில் நீர் வரவைக்கும் அமோனியா நெடி இருந்தால் மணல் தட்டு நாள் கணக்கில் மாற்றப்படவில்லை என்று அர்த்தம். குட்டி உங்கள் கையைக் கண்டதும் என்ன செய்கிறது என்று பாருங்கள். பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அந்தக் காலத்தைக் கூண்டில் கழித்த குட்டி மூலையில் ஒடுங்கிச் சீறும். வீட்டுக்குள் மனிதர் காலடியில் வளர்ந்தது முகர்ந்து பார்த்துவிட்டு ஷூ லேஸைக் கடிக்க வரும். சந்தையில் நாற்பத்தைந்து நாள் குட்டிகளை "மூன்று மாதம்" என்று கூசாமல் சொல்லி விற்கிறார்கள். கண் இன்னும் சிறு குட்டிகளுக்கே உரிய நீலத்தில் இருக்கிறதா, நிறம் மாறிவிட்டதா என்று நேரில் பார்த்தால் அந்தப் பொய் பெரும்பாலும் உடைந்துவிடும். நான் பன்னிரண்டு, பதின்மூன்று வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரிப்பதில்லை.

இவ்வளவு சொல்கிறவள் ஏன் நிபந்தனை போடுகிறாள் என்றால், பான்லுகோபீனியா என்ற ஒரே காரணம் போதும். பூனைப் பார்வோ என்றும் சொல்வார்கள். குடலையும் வெள்ளை அணுக்களையும் அழிக்கும் நோய் இது. நேற்று ஓடிப் பிடித்து விளையாடிய குட்டி இன்று தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. தடுப்பூசி போடாத சிறு குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இது வருவதற்கு நோயுள்ள பூனை வீட்டுக்குள் வரவேண்டும் என்பதுகூட இல்லை. செருப்பில் வரும், சட்டையில் வரும், கையில் வரும். தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை உயிரோடு கிடக்கக்கூடிய கிருமி. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிக்கொண்ட சானிடைசர் இதன் முன்னால் செல்லாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கையிலிருந்து அடித்துக்கொண்டு போகும்.

தடுப்பூசிதான் இருக்கிறதே என்பார்கள். அதில்தான் சிக்கலே. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அதுவே தடுப்பூசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும். அந்தச் சக்தி வாரத்துக்கு வாரம் மெல்ல வடிந்துகொண்டே போகும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறாவது அல்லது எட்டாவது வாரத்தில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பப் போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இடையில் தாயின் காப்பும் போய், ஊசியின் காப்பும் வராத ஒரு சில வாரங்கள் உண்டு. குட்டிகள் பார்க்க மிக அழகாக இருப்பதும், வாங்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பதும் அதே வாரங்களில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, பத்து வயது மதிக்கத்தக்க மகன். கேட்டைத் திறப்பதற்குள் பையன் உற்சாகமாகச் சொன்னான்: "ஆன்ட்டி, இப்போதுதான் இன்னொரு வீட்டில் பார்த்துவிட்டு வருகிறோம். அங்கே ஒரு வெள்ளைக் குட்டி தும்மிக்கொண்டே இருந்தது."

"தூக்கினாயா கண்ணா?"

"சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்!"

அவன் சட்டையில் வெள்ளை முடி ஒட்டியிருந்தது. உள்ளே எட்டு வாரக் குட்டிகள் இருந்தன. அவர்களைத் தாழ்வாரத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். டீ கொடுத்தேன். என் மகள் அறைக்குள்ளிருந்து வீடியோ காலில் குட்டிகளைக் காட்டினாள். அப்பாவுக்குக் கோபம். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் மேடம், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறோம், தொடக்கூட மாட்டோம்" என்றார். நான் காரணத்தைப் பொறுமையாகச் சொன்னேன். தும்மல் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் ஒரு நாளுக்குள் துணியில் செத்துவிடும். கேலிசி வைரஸாக இருந்தால் வாரக்கணக்கில் தங்கும். எது என்று வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது என்றேன். வேறொரு நாள், வேறெங்கும் போகாமல் நேராக வாருங்கள் என்றேன். அவர்கள் திரும்ப வரவில்லை. விற்பனை போனதில் எனக்கு வருத்தமில்லை. பையன் முகம் வாடியதுதான் மனதில் நிற்கிறது. அன்றிலிருந்து தொலைபேசியிலேயே கேட்டுவிடுகிறேன்: ஒரே நாளில் வேறு பூனை வீட்டுக்கோ, கடைக்கோ, கால்நடை மருத்துவமனைக்கோ போய்விட்டு வரக் கூடாது. உங்கள் வீட்டில் அண்மையில் பூனை நோயில் இறந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலோர் உண்மையைச் சொல்கிறார்கள், கேட்காததால்தான் சொல்வதில்லை.

குட்டி போட்ட முதல் இரண்டு வாரம் யாருக்கும் அனுமதி இல்லை, சொந்தக்காரர்களுக்கும்தான். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று என் பாட்டி சொல்வார். அந்நிய வாடையும் குரலும் பட்டால் தாய் பதறும். எங்கள் பொம்மி சாதுவான பூனை. ஆனால் மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் அறை வாசலில் நின்று உரக்கப் பேசியதற்கே, கண் திறக்காத குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய் பீரோவுக்கு அடியில் வைத்துவிட்டாள். குளிர்ந்த மொசைக் தரை. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. உடனே பார்த்ததால் சரியாயிற்று. இந்த இரண்டு வாரத்தில் ஆசைப்படுகிறவர்களுக்குப் படமும் காணொளியும் அனுப்புகிறேன். அதில் தாயும் குட்டிகளும் சேர்ந்து தெரிய வேண்டும், அன்றைய நாளிதழோ வாங்குகிறவர் பெயர் எழுதிய சீட்டோ பக்கத்தில் இருக்க வேண்டும். இதை நானாகவே செய்கிறேன். பிறருடைய குட்டிகளின் படத்தைத் திருடிப் போட்டு, யுபிஐ-யில் முன்பணம் வாங்கிக்கொண்டு எண்ணை முடக்கிவிடும் கும்பல்கள் நிறைய. அப்படி ஏமாந்தவர்களிடம் நம்பிக்கையைக் கேட்டுப் பெற முடியாது, காட்டித்தான் பெற வேண்டும்.

பெண்கள் வீட்டில் தனியாக இருந்து இந்த வேலையைச் செய்வது பலர் யோசிக்காத விஷயம். பகலில் என் கணவர் வேலைக்குப் போய்விடுவார். முன்பின் தெரியாத ஆண்கள் வீட்டுக்குள் வந்து அறை அறையாகப் பார்ப்பதற்குக் குட்டி விற்பனை ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது. அதனால் முதலில் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசாத யாருக்கும் முகவரி கிடையாது. தெரு முனை வரைதான் இடம் சொல்வேன், வந்து கூப்பிட்டால் வீட்டு எண். வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கும் நேரம் மட்டும்தான் சந்திப்பு. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்துவிடுவேன். கடுவனை முன்னறைக்குக் கொண்டுவருவதே இல்லை. நல்ல கடுவன்கள் காணாமல் போன கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தனியாக இருக்கும் பெண்களுக்கு இதுவும் ஒத்துவராவிட்டால், குட்டியையும் தாயையும் நம்பகமான மருத்துவரின் கிளினிக்கில் காட்டுவதாகச் சொல்லுங்கள். ஆனால் அது இரண்டாம்பட்சம்தான். அதற்கும் இரண்டு ஊசி முடிந்த குட்டியாக இருக்க வேண்டும். கிளினிக்கில் கிருமிக்குப் பஞ்சமில்லை.

வாங்க வருகிறவர்களுக்கு, இரண்டாவது ஊசி போட்டு ஒரு வாரம் போன பிறகுதான் கதவு திறக்கும். ஒரு நாளைக்கு ஒரே குடும்பம். செருப்பு கேட்டுக்கு வெளியே. கால் கழுவக் குழாயடியில் பக்கெட் வைத்திருப்பேன். இது நம் வீடுகளில் பழைய வழக்கம்தானே, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கைக்குச் சோப்பு. மடியில் போட நான் துவைத்து வைத்த துண்டு. முன்னறையில் தரையில்தான் எல்லோரும் உட்கார வேண்டும், குட்டிகள் தாமாக வரவேண்டும். எடுத்த எடுப்பில் தூக்கக் கூடாது. குட்டி அறையைப் பார்க்க விரும்பினால் வலைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முழுதாகப் பார்க்கலாம். மணல் தட்டு, தண்ணீர், படுக்கை எல்லாம் தெரியும். மறைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அவர்கள் போன பிறகு தரையைக் கழுவுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் கை தானாக ஃபீனைலுக்கும் டெட்டாலுக்கும் போகும். இரண்டுமே பூனைக்கு ஆகாது. அவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. பூனை ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். போதாக்குறைக்கு, பான்லுகோபீனியா கிருமியை அவை நம்பும்படியாகக் கொல்வதும் இல்லை. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை நீக்கிவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து தரையில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூனைகளை விடுங்கள். அழுக்கின்மேல் பிளீச் ஊற்றினால் பாதி வேலைதான் நடக்கும்.

வந்து பார்ப்பதால் வாங்குகிறவருக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். ஐ.டி. வேலையில் இருக்கும் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். டால் ஃபேஸ் (முகம் அவ்வளவாகத் தட்டையாக இல்லாத பெர்ஷியன்) குட்டிதான் வேண்டும் என்று நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டிருந்தார்கள். நான் பொம்மியை மடியில் படுக்கவைத்து, எஃகுச் சீப்பை அந்தப் பெண் கையில் கொடுத்தேன். முதுகு வழுக்கிக்கொண்டு போனது. முன்னங்காலின் அக்குளுக்குள் சீப்பு போனதும் நின்றுவிட்டது. உள்ளே சுண்டைக்காய் அளவில் ஒரு சிக்கு. "இழுக்காதே அம்மா, தோல் காகிதம்போல மெல்லியது, கிழிந்துவிடும்" என்று சொல்லி, அடிமுடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சீப்பின் நுனியால் இழை இழையாகப் பிரித்துக் காட்டினேன். பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் கண்ணோரம் துடைத்தேன். முகம் தட்டையான பூனைகளுக்குக் கண்ணீர்க் குழாய் மடங்கியிருப்பதால் கண்ணீர் வெளியே வழிந்துகொண்டே இருக்கும். "இது வாரம் ஒருமுறையா?" என்று கேட்டாள். தினமும் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அன்று எதுவும் வாங்கவில்லை. நாட்டுப் பூனையைத் தத்தெடுங்கள், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், காப்பகங்களில் எத்தனையோ காத்திருக்கின்றன என்று சொல்லி அனுப்பினேன். ரயில் நிலைய வாசலில் கைமாறியிருந்தால் அந்தக் குட்டி ஆறு மாதத்தில் சடைபிடித்த உடம்போடு எனக்கோ தெருவுக்கோ திரும்பி வந்திருக்கும்.

ஒவ்வாமையும் இப்படித்தான் தெரிய வரும். பூனை முடி ஒவ்வாது என்பார்கள். உண்மையில் ஒவ்வாமையைத் தருவது பெரும்பாலும் பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் புரதம். அதனால் அந்த வீட்டில் வாழப்போகும் எல்லோரையும், முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களையும் அழைத்து வாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஒரு மணி நேரமாவது உட்காரட்டும். அதிலும் தெரியாமல் போகலாம், ஆனால் தெரிந்துவிட்டால் ஒரு பூனை வீடு மாறும் துன்பம் மிச்சம்.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவையும் இருக்கின்றன, இதை வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாது. பெர்ஷியன் பூனைகளுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு. தாய் தந்தையில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோய் வெளியே தெரிய வருடங்கள் ஆகும். வீடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இது தெரியாது. மரபணுப் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள், நானும் கேட்காமலே காட்டுகிறேன். படர்தாமரையும் ஏமாற்றும். நீள முடிப் பூனைகள் வெளியே ஒன்றும் தெரியாமலே அதைச் சுமக்கும், குழந்தைகளுக்கும் பரவும். காதோரத்திலும் முன்னங்காலிலும் முடியை ஒதுக்கி, வட்டமாகச் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வெறும் தேதி மட்டும் எழுதியிருந்தால் அது ஊசிக்குச் சாட்சி ஆகாது.

என் வீட்டை அவர்கள் பார்ப்பதுபோல அவர்கள் வீட்டை நான் பார்க்க வேண்டும் என்பதும் என் நிபந்தனை. நேரில் போக முடிவதில்லை, வீடியோவில் பால்கனியையும் ஜன்னல்களையும் காட்டச் சொல்கிறேன். சென்னையில் அடுக்குமாடியிலிருந்து பூனை விழுவது அடிக்கடி நடக்கிறது. பூனை எப்படியும் காலில் நிற்கும் என்ற நம்பிக்கையில் தாடை உடைந்த பூனைகளை மருத்துவமனை வரிசையில் பார்த்திருக்கிறேன். புறாவுக்கு அடிக்கும் நைலான் வலையே போதும், ஆனால் விளிம்பு தளராமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். வலை கட்டிய படம் வந்த பிறகுதான் குட்டியை எடுத்துப் போக நாள் குறித்துக் கொடுக்கிறேன்.